பல்லில் படிகிற பிளேக்கை வீட்டிலேயே எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இப்போதே ஒரு வேலை செய்து பாருங்கள். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கீழ்வரிசை முன்பல்லில் ஈறு தொடங்குகிற இடத்தில் நகத்தை வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள். நகத்தின் நுனியில் வெள்ளையாக, லேசாக மஞ்சள் கலந்து, ஈரமாவு மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா? அதுதான் பிளேக். காலையில் பல் தேய்த்த பிறகும் வருகிறது என்றால், பிரஷ் அந்த இடத்துக்குப் போகவே இல்லை என்று அர்த்தம்.

நான் மும்பை மாட்டுங்காவில் ஒரு பல் கிளினிக்கில் 11 வருடம் டாக்டருக்கு உதவியாளராக இருந்தேன். தாராவி, சயான், ஆண்டாப் ஹில், செம்பூர் என்று சுற்றுவட்டாரத் தமிழர்கள் நிறையப் பேர் வருவார்கள். டாக்டர் மராத்திக்காரர். அவர் ஹிந்தியில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "தினமும் தேய்க்கிறேனேம்மா, அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?" அவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்க்கத்தான் செய்தார்கள். ஆனால் பல்லின் நடுவயிற்றைத் தேய்த்தார்கள். பிளேக் இருந்தது ஈறோரத்திலும் பல்லிடுக்கிலும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு இடங்களைப் பற்றியதுதான்.

பிளேக் எப்படி வருகிறது, விட்டால் என்ன ஆகிறது

பல்லை எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தாலும், சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் இருக்கும் புரதம் பல்மேல் மெல்லிய சவ்வாகப் படிந்துவிடும். அது தப்பில்லை, பல்லுக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தச் சவ்வில் சில மணி நேரத்துக்குள் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியவை பெருகி, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் குடியேறிவிடுகின்றன. அதனால்தான் வாய் கொப்பளித்தால் சோற்றுப்பருக்கை போகிறது, பிளேக் போவதில்லை. அதைத் தேய்த்து உடைத்தால்தான் உண்டு. 1683-ல் ஹாலந்தில் லேவன்ஹூக் என்பவர் தன் பல்லிடுக்கில் இருந்ததைச் சுரண்டி, தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் உயிருள்ள சின்னஞ்சிறு ஜந்துக்கள் நெளிகின்றன என்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் அவர் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர்.

பிளேக் அப்படியே இருந்தால் இரண்டு விதமான கெடுதல். ஒன்று, நாம் சாப்பிடும் சர்க்கரையை அந்தப் பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றிப் பல்லைக் கரைக்கும். அதுதான் சொத்தை. இன்னொன்று, ஈறு வீங்கும், சிவக்கும், தொட்டால் ரத்தம் வரும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆவதற்குள் சரியாகிவிட்டது. எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது அந்த இரண்டாம் பாதிதான். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஈறு முழுசாகத் திரும்பி வரும். மாத்திரை வேண்டாம், செலவும் இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. எடுக்காமல் விட்ட பிளேக்கில் உமிழ்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இறங்கி, அது கல்லாக இறுகும். அதைத்தான் காரை என்கிறோம். இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. நாக்குக்கு அடியிலும் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்திலும் உமிழ்நீர்க் குழாயின் வாய் திறக்கிறது. அதனால் கீழ் முன்பல்லின் உட்புறமும் மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்புறமும் காரை சீக்கிரம் கட்டுகிற இடங்கள். "எங்க ஊர்த் தண்ணி உப்பும்மா, அதான் காரை" என்று பலர் சொல்வார்கள். மும்பைக் குழாயில் வருவது தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரிகளின் தண்ணீர், உப்புக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் காரை கட்டத்தான் செய்கிறது. குற்றம் தண்ணீர்மேல் இல்லை.

முதல் படி: எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பிளேக்குக்கு நிறம் கிடையாது, பல்லின் நிறத்திலேயே இருக்கும். அதனால் கண்ணாடியில் பார்த்து "சுத்தமாத்தான் இருக்கு" என்று நினைத்துவிடுவோம். அதற்குச் சாயம் ஏற்றினால் தெரிந்துவிடும். கிளினிக்கில் இதற்கென்று மாத்திரை உண்டு, மென்றால் பிளேக் சிவப்பாகும். வீட்டில் கேக்குக்குப் போடும் சிவப்பு ஃபுட் கலர் போதும். உணவுக்கு அனுமதிக்கப்பட்டது என்று பாட்டிலில் போட்டிருக்க வேண்டும். ரங்கோலிப் பொடி, ஹோலிப் பொடி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

வேலை இல்லாத ஒரு ஞாயிறு மதியம் செய்யுங்கள். எப்போதும் தேய்ப்பது போலவே முதலில் பல் தேய்த்துவிடுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உதட்டில் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், இல்லையென்றால் உதடு இரண்டு நாளைக்குச் சிவந்தே இருக்கும். சின்ன டம்ளரில் இரண்டு மூடி தண்ணீர், அதில் மூன்று சொட்டுச் சாயம். வாயில் ஊற்றி அரை நிமிடம் எல்லாப் பல்லிலும் படுகிற மாதிரி சுழற்றித் துப்புங்கள். வெறும் தண்ணீரில் ஒருமுறை கொப்பளியுங்கள். மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவுகிற மூலையில், துப்பினால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், வெள்ளை டைல்ஸில் கறை பிடிக்கும்.

இப்போது ஜன்னல் பக்கம் போய், கைக்கண்ணாடியும் மொபைல் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். பல்லின் நடுவில் சாயம் இருக்காது. ஈறோரத்தில் பிறை வடிவில் சிவப்புக்கோடு தெரியும். இரண்டு பல் சேருகிற முக்கோணத்தில் அடர்த்தியாக நிற்கும். கோரைப்பல்லில், அதாவது வாய் வளைகிற மூலையில், அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். உட்பக்கத்தை, அதிலும் கீழ்வரிசைக் கடைவாயின் நாக்குப் பக்கத்தை, விட்டுவிடாமல் பாருங்கள். நான் முதன்முதலில் செய்து பார்த்தபோது, பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள், என் வலது கீழ்க் கடைவாயின் உட்பக்கம் முழுக்கச் சிவப்பு. அத்தனை வருடமும் பிரஷ் அங்கே போனதே இல்லை.

மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தச் சிவப்பு இடங்கள்தான் இனி உங்கள் வேலைப் பட்டியல்.

இரண்டாம் படி: என்ன வாங்க வேண்டும், எதை விட வேண்டும்

பிரஷ்ஷில் 'சாஃப்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். தலை சின்னதாக இருக்கட்டும், அப்போதுதான் கடைசிக் கடைவாய்ப்பல் வரை போகும். 'ஹார்ட்' பிரஷ் வேண்டவே வேண்டாம். அது பிளேக்கை அதிகமாக எடுப்பதில்லை, ஈறைத்தான் கீழே இறக்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூன்று வாரத்திலேயே நார் பூமாதிரி விரிந்துவிட்டால், நீங்கள் ரொம்ப அழுத்துகிறீர்கள். கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள பெரியவர்களுக்கு பேட்டரி பிரஷ் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்குச் சாதாரண பிரஷ்ஷே போதும்.

பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். அதன் அளவை அட்டையில் பிபிஎம் (ppm) கணக்கில் போட்டிருப்பார்கள், பெரியவர்களுக்கு 1000 பக்கம் இருந்தால் நல்லது. விலையும் வாசனையும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பிளேக்கை எடுப்பது நார்தான், பேஸ்ட் இல்லை. பேஸ்ட்டின் வேலை அந்த ஃப்ளோரைடைப் பல்லில் கொண்டு சேர்ப்பது. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். ஒரு பட்டாணி அளவு போதும், நுரை கம்மியாக இருந்தால்தான் ரெண்டு நிமிடம் பொறுமையாகத் தேய்க்க முடியும்.

வேப்பங்குச்சியைப் பற்றியும் கேட்பார்கள். இங்கே ரயில்வே ஸ்டேஷன் வாசலில் 'தாதூன்' என்று கட்டாக வைத்து விற்கிறார்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நம் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். நன்றாக மென்று நாராக்கினால் வெளிப்பக்கப் பிளேக்கை அது எடுக்கும். உட்பக்கத்துக்கு அது வளையாது, இடுக்கில் போகாது, அதில் ஃப்ளோரைடும் கிடையாது. காலையில் ஆசைக்கு மென்றுகொள்ளுங்கள், இரவில் பிரஷ்ஷை எடுங்கள்.

மிஷ்ரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் இருக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். புகையிலையைத் தவாவில் போட்டுக் கருக வறுத்து, பொடித்து, விரலால் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்த என் அத்தை, பக்கத்துக் கோலி மீனவ அக்காவிடம் இதைப் பழகிக்கொண்டார். விடிந்தால் சால் முழுக்க, அதாவது அந்த வரிசை வீடுகள் முழுக்க, அந்த வறுத்த வாசனை அடிக்கும். பல்வலிக்கு என்று ஆரம்பித்தது. பிறகு "அதைப் போடாட்டா வயிறு சரியா போகாதுடி" என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை, பிறகு ஏழு தடவை. பல் தேய்க்கிற பழக்கம் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார், புகையிலைப் பழக்கம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவருடைய கீழுதட்டை டாக்டர் விலக்கிப் பார்த்தபோது, மிஷ்ரி வைக்கிற அந்த மடிப்பில் தோல் வெள்ளையாகச் சுருங்கி இருந்தது. ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள், புற்றுநோய் இல்லை. அன்றோடு நிறுத்தினார். சில மாதத்தில் அந்த வெள்ளை மங்கிப்போனது. இறங்கிய ஈறு திரும்ப ஏறவில்லை.

பல்பொடி, பேஸ்ட் எதிலும் புகையிலை கலக்கக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை போட்டது. ஆனால் வீட்டு அடுப்பில் வறுப்பதை எந்தத் தடை நிறுத்தும்? உங்கள் வீட்டில் யாராவது மிஷ்ரி தேய்த்தால், பல்லைச் சுத்தம் செய்கிற பழக்கமாக அதை எண்ணி விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டு மடிப்பைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

உப்பு, செங்கல் பொடி, அடுப்புக்கரி, எலுமிச்சையில் குழைத்த சோடா உப்பு, எதையும் பல்லில் வைத்துத் தேய்க்காதீர்கள். பளிச்சென்று தெரிவது பல்லின் மேல்தோல் தேய்ந்துபோவதால். அந்த எனாமல் திரும்ப வளராது.

மூன்றாம் படி: இரவுத் தேய்ப்பு

காலை, இரவு என்று ரெண்டு வேளையும் தேய்க்க வேண்டும். ஆனால் ஒரு வேளைதான் பொறுமையாகச் செய்ய முடியும் என்றால், அது இரவாக இருக்கட்டும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும், பல்லைக் கழுவி விட ஆள் இருக்காது. பிளேக்குக்கு அது கொண்டாட்டம். அதோடு, நம் ஊர்க் காலை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. குழாயில் தண்ணீர் வருகிற நேரம், குடம் நிரப்ப வேண்டும், டிபன் கட்ட வேண்டும், லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் இருபது வினாடிக்கு மேல் யாரும் தேய்ப்பதில்லை. இரவில் பாத்திரம் கழுவி முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு மோரியில் உட்கார்ந்தால் ரெண்டு நிமிடம் நிச்சயம் கிடைக்கும்.

சரி, எப்படித் தேய்ப்பது? பிரஷ்ஷைக் கரண்டி மாதிரி உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். நாரை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில், ஈறைப் பார்த்த மாதிரி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். பாதி நார் ஈறின்மேல், பாதி பல்லின்மேல் இருக்க வேண்டும். நாரின் நுனி ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்குக்குள் இறங்குவது லேசாகத் தெரியும். பிரஷ்ஷை எடுக்காமல், அந்த இடத்திலேயே சின்னதாக, நடுங்குவது மாதிரி பத்து தடவை அசையுங்கள். நார் வளைய வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது. அப்புறம் ஈறிலிருந்து பல்லின் முனை நோக்கி ஒருமுறை உருட்டி விடுங்கள். அடுத்த ரெண்டு பல்லுக்கு நகருங்கள். அமெரிக்க டாக்டர் சார்லஸ் பாஸ் சொல்லிக்கொடுத்த முறையோடு கடைசி உருட்டலைச் சேர்த்தது இது. உலகம் முழுக்கப் பல் கல்லூரிகளில் அவர் பெயரிலேயே சொல்லித்தருகிறார்கள்.

தினமும் ஒரே வரிசையில் போங்கள், அப்போதுதான் எந்த இடமும் விட்டுப்போகாது. நான் சொல்லிக்கொடுக்கிற வரிசை உட்பக்கத்தில்தான் தொடங்கும். எல்லோரும் முன்பல்லின் வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து, உட்பக்கம் வருவதற்குள் களைத்துப்போய்த் துப்பிவிடுகிறார்கள். அதனால் கீழ்வரிசை உட்பக்கம் முதலில், வலது கடைசிப் பல்லிலிருந்து இடது கடைசிப் பல் வரை. முன்பல்லின் உட்பக்கத்துக்கு வந்ததும் பிரஷ்ஷை நேராக நிமிர்த்தி, அதன் முனையால் ஒவ்வொரு பல்லையும் கீழிருந்து மேலாக இழுங்கள். அடுத்து மேல்வரிசை உட்பக்கம், பிறகு ரெண்டு வரிசையின் வெளிப்பக்கம். மெல்லுகிற பரப்பு கடைசியில். அதை முன்னும் பின்னும் தேய்க்கலாம், தப்பில்லை. கோரைப்பல்லில் பிரஷ் திரும்பும்போது ஒரு நொடி நின்று, தனியாக ஐந்து அசைவு.

முடிந்ததும் நுரையைத் துப்புங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். கொப்பளித்தால் ஃப்ளோரைடு முழுக்க மோரியோடு போய்விடும். இரண்டு மூன்று தடவை துப்பினாலே வாய் சுத்தமாகிவிடும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது, பால்கூட.

எலுமிச்சை ஜூஸ், புளிப்பான பழம், கூல்டிரிங்க்ஸ் சாப்பிட்ட கையோடு தேய்க்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் அரைத்துவிடும். அரை மணி நேரம் போகட்டும்.

நான்காம் படி: பல்லிடுக்கு

எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் ரெண்டு பல் ஒட்டி நிற்கும் பக்கவாட்டில் நார் போகாது. சொத்தையும் ஈறுநோயும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நம் ஆட்கள் இதற்கு சேஃப்டி பின், ஹேர்பின், தீக்குச்சி என்று கையில் கிடைத்ததை எல்லாம் விட்டு நோண்டுவார்கள். மாட்டுங்காவில் பூக் கட்டுகிற ஒரு அம்மா, பூ நூலையே பல்லிடுக்கில் விட்டு இழுப்பேன் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் அந்த நூல் பிரிந்து இடுக்கில் சிக்கிக்கொள்ளும், ஈறையும் அறுக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஃப்ளாஸ் என்று கேளுங்கள்.

முழங்கை நீளம், சுமார் 45 சென்டிமீட்டர், வெட்டிக்கொள்ளுங்கள். ரெண்டு கை நடுவிரலிலும் சுற்றி, நடுவில் ஒரு அங்குலம் மட்டும் விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடியுங்கள். இடுக்கில் வைத்து ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி மெதுவாக இறக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் டப்பென்று இறங்கி ஈறை வெட்டிவிடும். உள்ளே போனதும், ஒரு பல்லை அணைத்தாற்போல நூலை வளையுங்கள். ஈறுக்குக் கொஞ்சம் அடிவரை இறக்கி, மேலும் கீழுமாக நாலைந்து தடவை இழுங்கள். பிறகு பக்கத்துப் பல்லை அணைத்து அதே மாதிரி. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி. முதல் தடவை வெளியே வருகிற நூலை முகர்ந்து பாருங்கள். வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஒரு முகர்வில் புரிந்துவிடும்.

ஈறு இறங்கி இடுக்கு பெரிதாக இருப்பவர்களுக்கும், பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்களுக்கும் நூலைவிட இடுக்கு பிரஷ் நல்லது. பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரியே, குண்டூசி அளவில் இருக்கும். பல அளவுகளில் கிடைக்கும். உள்ளே போகும்போது லேசாக உரச வேண்டும், திணிக்கக் கூடாது. எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் வீண்செலவு இல்லை.

ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவில், பிரஷ்ஷுக்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். எல்லா இடுக்கும் முதல் நாளே முடியாது. ஒரு வாரம் கீழ் முன்பல் மட்டும், அடுத்த வாரம் மேல் முன்பல்லும் சேர்த்து, அப்புறம் கடைவாய் என்று பழகுங்கள்.

நாக்கை வழிக்க மறக்க வேண்டாம். அதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ரத்தம் வந்தால்

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஈறோரத்தில் பிரஷ் பட்டதும் ரத்தம் வரும், "காயமாயிடுச்சு" என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள். பிளேக் அங்கேயே இன்னும் சேரும், இன்னும் ரத்தம் வரும். ரத்தம் வருகிற இடம்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். மென்மையாக, ஆனால் தவறாமல் அங்கேயே தேய்த்துக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் குறையும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் ஈறுக்கு அடியில் காரை இருக்கலாம், அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் "எனக்கு ரத்தமே வரலையே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, நோய் இருப்பதையே மறைத்துவிடும்.

கட்டிங் சாய் கணக்கு

எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட, சர்க்கரையை எத்தனை தடவை வாயில் வைக்கிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைத் தண்ணீரால் கொப்பளித்த பிறகு பிளேக்கில் அமிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்து பார்த்தார். சில நிமிடத்திலேயே பல் கரைகிற அளவுக்கு ஏறுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

இதை நம் ஊர் டீக்கடையில் வைத்துப் பாருங்கள். கட்டிங் சாய் என்பது அரை கிளாஸ்தானே என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை குடிக்கிறோம், கூடவே பிஸ்கட் தொட்டுக்கொள்கிறோம். அளவு குறைவுதான். ஆனால் ஆறு தடவை அமிலம் ஏறுகிறது, பல் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் அதில் ஊறுகிறது. டீயை விடச் சொல்லவில்லை, நானும் விடமாட்டேன். ரெண்டை டிபனோடும் சாப்பாட்டோடும் சேர்த்துக் குடியுங்கள். மீதியில் முடிந்ததைச் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பழகுங்கள். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர். நனைத்த பிஸ்கட் கடைவாயின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருக்கும், அதை முதலில் குறையுங்கள்.

மவுத்வாஷ், உப்புத் தண்ணீர், எண்ணெய்

உப்புத் தண்ணீர் வீங்கின ஈறுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பிடித்திருந்தால் செய்யுங்கள், ஆனால் அது பிரஷ்ஷுக்குப் பதில் ஆகாது. எண்ணெயை மோரியில் துப்பினால் குழாய் அடைக்கும், காகிதத்தில் துப்புங்கள்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்று டாக்டர் எழுதிக்கொடுக்கிற மவுத்வாஷ் பிளேக்கை நன்றாகவே தடுக்கும். அதனாலேயே மாதக்கணக்கில் வாங்கி ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. தொடர்ந்தால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை ஏறும், நாக்கு ருசி மாறும். டாக்டர் சொன்ன நாள் மட்டும், பொதுவாக இரண்டு வாரம், போதும். பேஸ்ட்டின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அதனால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள்.

இணையத்தில் வாங்குகிற இரும்புக் கொக்கியால் காரையை நீங்களே சுரண்ட வேண்டாம். ஒரு பையன் அப்படிச் செய்து ஈறைக் கிழித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். காரை அப்படியே இருந்தது.

குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், பெரியவர்கள்

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தேய்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. ஏழு எட்டு வயது வரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தானாக ஷூ கயிறு கட்டத் தெரியாத கைக்கு, பல் தேய்க்கவும் தெரியாது. குழந்தையை மடியில் சாய்த்து, பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் உள்ளே நன்றாகத் தெரியும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள்.

கர்ப்பத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும். ஹார்மோன் மாறும்போது அதே அளவு பிளேக்குக்கே ஈறு பெரிதாக எதிர்வினை காட்டும். தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கிளீனிங்கும் செய்துகொள்ளலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பல்லைக் காட்ட வேண்டும். பல்செட் வைத்திருக்கும் தாத்தா பாட்டி, இரவில் அதைக் கழற்றி, பேஸ்ட் இல்லாமல் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். செட்டிலும் பிளேக் படியும்.

டாக்டரிடம் எப்போது

கண்ணாடியில் கீழ் முன்பல்லின் உட்பக்கம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ சுவர் மாதிரி தெரிந்து, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை என்றால் அது காரை. பல் ஆடினாலோ, ஈறில் சீழ் வந்தாலோ, இறங்கி வேர் தெரிந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். செலவுக்குப் பயந்து வராமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தனியார் கிளினிக்கைவிட ரொம்பக் குறைந்த கட்டணம். காலையிலேயே போய்விடுங்கள்.

"கிளீனிங் பண்ணினா பல் ஆடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆடுகிற பல்லைக் காரை சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. இடுக்கு பெரிதானது மாதிரி நாக்குக்குத் தோன்றும், சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு போய்விடும். கிளீனிங் முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே புதுச் சவ்வு படிய ஆரம்பித்துவிடுகிறது. அன்றைக்கு இரவு ஈறு கொஞ்சம் வலித்தாலும், மென்மையான பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மோரியில் உட்காருங்கள். கீழ்வரிசை, வலது கடைசிப் பல், உட்பக்கத்திலிருந்து.